நிபந்தனையுடன் ஆதரவு

விற்க மனமில்லாத பொருளை ஒருவன் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. விலை சொல்ல வேண்டும். பாக்கியநாதன் இதைக் கும்மிடிப்பூண்டி பஜாரில் மூட்டை சுமந்த காலத்திலேயே கற்றுக்கொண்டான். இல்லை என்றால் கேட்டவனுக்குக் கோபம் வரும். விலையைத் தூக்கிச் சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுவான்; அடுத்த வாரம் டீக்கடையில் பார்த்தால் டீக்கு அவனே காசு கொடுப்பான். கம்பெனிகள் கழித்துப் போடும் மரப்பலகை, பிளாஸ்டிக் டிரம் எல்லாம் வாங்கி விற்பது பாக்கியநாதனின் தொழில். ஒரு தடவை பகைத்துக்கொள்ள முடியாத ஒரு பெரிய மனிதர் அவனுடைய மினி லாரியின் மேல் கண் வைத்தார். வண்டி நாலு லட்சம் பெறும். "உங்களுக்குன்றதால பதினோரு லட்சத்துக்குத் தர்றேன் நைனா" என்றான். பெரிய மனிதர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். லாரி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

இந்த வித்தையை ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அவன் செய்த பிழை.

இலந்தைமேடு, ஆரம்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர். எண்பது வீடு, ஒரு சர்ச், ஒரு அம்மன் கோயில், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மைக் செட். போன தலைமுறை வரைக்கும் அடுத்தவன் வயலில் நாற்று நட்ட ஊர். இப்போது விடிவதற்குள் நாலு கம்பெனி பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறது. எல்லோரும் கான்ட்ராக்ட். ஆள் அனுப்புகிறவன் சுப்பராயன். அவன் கொடுக்கும் கேட் பாஸ்தான் வேலை. அதை அவன் திருப்பி வாங்கிக்கொண்டால் வேலை இல்லை. சட்டம் என்று அதில் வேறெதுவும் கிடையாது.

பாக்கியநாதனின் தங்கை ஹெலன் அப்படித்தான் இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிறாள். ஐஸ் தண்ணீரில் எட்டு மணி நேரம். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் விரல்களுக்கு ஒன்றும் தெரியாது. பாத்திரம் சுடுகிறதா என்பதை ஆவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். கணவன் அந்தோணி இறந்து ஆறு வருஷம். ஒரே மகளைச் சோழவரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாள். அவளுக்கென்று இருப்பது எண்பது சென்ட் நெல் நிலமும் அதன் மூலையில் ஒரு போர்வெல்லும். சுற்றுவட்டாரத்தில் இறால் குட்டை வெட்டி வெட்டி நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. அவள் போரில் மட்டும் நூற்றெண்பது அடியில் நல்ல தண்ணீர். ஊரில் பாதிப் பேர் குடிப்பது அதைத்தான். காலையில் குடத்தோடு வருகிறவர்கள் "ஹெலன்க்கா, மோட்டார் போடு" என்பார்கள். கம்பெனியில் அவளுக்கு ஒரு நம்பர், இங்கேதான் பேர்.

நோட்டீஸ் பொங்கல் கழித்து வந்தது. பூமிக்கு அடியில் நிலக்கரி இருக்கிறதாம். நிலக்கரியை எடுக்க மாட்டார்களாம். அதற்குள் அடைந்து கிடக்கிற வாயுவை மட்டும் எடுப்பார்களாம். அதற்கு முதலில் அங்கிருக்கிற தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டுமாம். தண்ணீர் போனால் வாயு தானாக மேலே வருமாம். இப்போதைக்குச் சோதனைக் கிணறு மூன்று. இரண்டாவது கிணற்றுக்குக் குறித்திருந்த சர்வே நம்பர் ஹெலனுடையது. பொதுமக்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம் என்று தேதியும் கல்யாண மண்டபத்தின் பெயரும் போட்டிருந்தது.

"தஞ்சாவூர் பக்கம் கெணறு போடக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்கோ. அதான் இங்க வந்துக்கிறானுங்கோ" என்றான் குப்புராஜ். ஹெலனின் நிலத்துக்கு வரப்பு தாண்டினால் அவன் நிலம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மகன் சுப்பராயனிடம் வேலை செய்கிறான். "நம்மள கேக்க ஆளில்லன்ற தைரியம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் காம்பவுண்டில் ஊர் கூடியிருந்தது. கோயில்காரர்களும் வந்திருந்தார்கள். ஜி.என்.டி. ரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்துவிடுவோம் என்று குப்புராஜ் சொன்னதும் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"போன தபா பஸ்ஸு கேட்டு உக்காந்தியே. எழுந்துக்கும்போது எத்தினி பேருக்கு கேட் பாஸ் இருந்துச்சி?"

நாலு பேருக்கு இல்லாமல் போனது. அந்தக் கூட்டத்தில் சுப்பராயன் இல்லை. ஆனால் ஊரில் எழுபது பேருக்கு வேலை கொடுத்தவனுக்கு அங்கே காது இல்லாமலா இருக்கும். வாயு எடுக்க வருகிற புது கம்பெனிக்கும் ஆள் சப்ளை அவனுக்கே என்று பேச்சு இருந்தது.

"வேணாம்னு சொல்லிட்டு வந்தா இன்னாண்ணா ஆவும்?" என்று ஹெலன் கேட்டாள். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள்.

"சொல்லேன். மறுநாள் கேட்ல உன் கார்ட வெச்சா செவப்பு லைட்டு எரியும். அவ்ளோதான்."

"அப்போ இன்னா செய்யறது?"

பாக்கியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "வேணாம்னு எவனும் சொல்லாதீங்கோ. வெலைய சொல்லுங்கோ. கேட்டவன் எழுந்து ஓடற மாதிரி வெல. வேணாம்னா விரோதி. வெல சொன்னா வியாபாரி. வியாபாரிய எவன் இன்னா பண்ணுவான்?"

ஊர் யோசித்தது. எண்பது வீட்டிலும் சந்தையில் மாடு வாங்கியவர்கள், மீன் கூடைக்கு மல்லுக்கட்டியவர்கள், பழைய டிவிக்குப் பேரம் பேசியவர்கள் இருந்தார்கள். சொன்னது எல்லோருக்கும் உடனே புரிந்தது. அன்று சாயங்காலமே ஆளாளுக்குக் கோரிக்கை பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஊரில் நூறு படுக்கை ஆஸ்பத்திரி ஒருவர் பங்கு. வீட்டுக்கு இரண்டு நிரந்தர வேலை, அதுவும் ஏ.சி. ரூமில், இன்னொருவர் பங்கு. குப்புராஜுக்கு ஆரம்பாக்கத்தில் மேம்பாலம் வந்தது.

"மேம்பாலம் எதுக்குடா எனக்கு? எங்கிட்ட ஆட்டோ தானே கீது."

"கேட்டு வெய்யி. குடுத்துருவானா இன்னா?" என்றான் பாக்கியநாதன்.

"குடுத்துட்டான்னா?"

"குடுத்துட்டான்னா அதுமேல ஆட்டோ ஓட்டு."

சிரித்தார்கள். நோட்டீஸ் வந்த பிறகு ஊர் சிரித்தது அன்றுதான். ஹெலனுக்குக் கிடைத்தது சென்டுக்குப் பத்து லட்சம். எண்பது சென்டுக்கு எட்டுக் கோடி. அந்தத் தொகையை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போது அது அவள் நிலத்தைப் பற்றிய பேச்சாகவே இல்லை.

"எனக்கு இது சரியா வரல ண்ணா. நெலத்தக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டா போதாதா?"

"அதத்தான் நீ சொல்றே. எட்டு கோடின்னா இன்னா அர்த்தம்? குடுக்க மாட்டேன்னு அர்த்தம். இத்த புரிஞ்சிக்காதவன் கம்பெனி நடத்துவானா?"

கருத்துக் கேட்பு நாளில் மண்டபத்து வாசலில் வாழைமரம் இருந்தது. முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டியது, அவிழ்க்கவில்லை. உள்ளே போலீஸ், கேமரா, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பின்னால் லெமன் சாதப் பொட்டலம். மேடையில் மணமக்கள் நாற்காலி இருந்த இடத்தில் சுற்றுச்சூழல் துறையின் பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பெனியின் ஆள், நீலச் சட்டை, மடியில் நோட்டு. மூன்றாவது வரிசையில் சுப்பராயன் கால் மேல் கால் போடாமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தான்.

முதலில் பேசியவர்கள் வெளியூர்க்காரர்கள். சென்னையிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள், திருவாலங்காட்டிலிருந்து ரிட்டயர்டான வாத்தியார் ஒருவர். திட்டமே வேண்டாம் என்று மூவரும் நேராகச் சொன்னார்கள். வாத்தியார் நிலத்தடி நீரைப் பற்றிப் புள்ளிவிவரத்தோடு பேசினார். "எந்த ஊரு சார்?" என்று அதிகாரி கேட்டார். வாத்தியார் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு இலந்தைமேடு. ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் பேரும் தகப்பன் பேரும் சொல்லி, பங்குக்கு வந்ததைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி கேட்டவர் உற்சாகத்தில் நூறு படுக்கையை இருநூறாக்கினார். குப்புராஜ் மேம்பாலத்தோடு நிற்காமல் அதற்கு லைட்டும் கேட்டான். கூட்டம் கைதட்டியது.

பாக்கியநாதன் யார் பேச்சையும் கேட்கவில்லை. நீலச் சட்டைக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தான். விலை கேட்டவன் முகம் மாற வேண்டும். உதட்டைப் பிதுக்க வேண்டும், சிரிக்க வேண்டும், குறைந்தபட்சம் தலையையாவது சொறிய வேண்டும். இந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை. மேம்பாலம் என்றால் மேம்பாலம் என்று எழுதினான். லைட் என்றால் லைட். எழுதி முடித்து அடுத்தவரைப் பார்த்துத் தலையாட்டினான். பேரம் பேசாதவனிடம் பாக்கியநாதன் இதுவரை வியாபாரம் செய்ததில்லை.

ஹெலனின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தபோது அது கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"என் பேரு ஹெலன். அந்தோணி சம்சாரம். ரெண்டாவது கெணறு போட்டுக்கிறது என் நெலத்துல." நிறுத்தினாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். சுப்பராயன் அவளைப் பார்த்துச் சிநேகமாகத் தலையசைத்தான். "சென்டுக்குப் பத்து லட்சம் வேணும்" என்றாள்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் அதிகாரி.

வேறு இருந்தது. அண்ணன் பின்னாலிருந்து போதும் என்று கையைக் காட்டினான். "இல்ல" என்றாள்.

"பதிவு பண்ணிட்டோம்."

வெளியே வந்து லெமன் சாதம் சாப்பிட்டார்கள். ஊர் கேட்டதில் பாதியைக் கூட எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியாது என்று பேசிக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் வரும்போது குப்புராஜ் மேம்பாலம் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று காட்டிக்கொண்டு வந்தான்.

அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. ஆரம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெரால்ட் அதை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிட்டு பாக்கியநாதனுக்கு போன் போட்டான். அண்ணனும் தங்கையும் போனார்கள். இங்கிலீஷில் இருந்ததை ஜெரால்ட் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"பேசினவங்க மொத்தம் நாப்பத்தி நாலு. எதிர்ப்பு மூணு. அடைப்புக்குறில போட்டுக்கிறான், மூவரும் திட்டப் பகுதியைச் சேர்ந்தவர்கள் அல்ல. நிபந்தனையுடன் ஆதரவு நாப்பத்தி ஒண்ணு."

"நிபந்தனையுடன் இன்னாது?" என்றான் பாக்கியநாதன்.

"ஆதரவு."

"யாரு?"

"நம்ம ஊருதான் மாமா."

கடையில் ஒரு பையன் ஆதார் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தான். ஜெரால்ட் அவனுக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தொடர்ந்தான். அட்டவணை போட்டிருந்தது. ஒரு பக்கம் கோரிக்கை, எதிரே கம்பெனியின் பதில். ஆஸ்பத்திரிக்கு: மாதம் ஒரு முறை மருத்துவ முகாம் நடத்தப்படும். வேலைக்கு: தகுதியின் அடிப்படையில் முன்னுரிமை. மேம்பாலத்துக்கு: சம்பந்தப்பட்ட துறைக்குப் பரிந்துரைக்கப்படும்.

"என்னுது இன்னா போட்டுக்கிறான்?" என்று ஹெலன் கேட்டாள்.

"இருபத்தி ஏழாவது. திருமதி ஹெலன், திட்டத்தை வரவேற்று, தன் நிலத்துக்கு உரிய இழப்பீடு கோரினார். பதில், அரசு வழிகாட்டி மதிப்பின்படி வழங்கப்படும்."

"பத்து லட்சம்னு சொன்னேனே."

"அது போடல அத்தை. உரிய இழப்பீடுன்னு போட்டுக்கிறான்."

பாக்கியநாதன் திரையின் அருகே போய் அந்த வரியைப் பார்த்தான். படிக்கத் தெரியாவிட்டாலும் நீளம் தெரிந்தது. ஒரு விரற்கடை. சொன்ன விலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, விற்கச் சம்மதம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இப்படி ஒரு வியாபாரத்தை அவன் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் அவன்தான் வாயைத் திறந்தான். "எதுனா சொல்லேன் மா. திட்டேன்."

"பசிக்குது ண்ணா" என்றாள் ஹெலன். "நாஷ்டா துன்னல நானு."

மறுவாரம் திருவள்ளூருக்குப் போய் அதிகாரியைப் பார்த்தார்கள். அந்த அம்மா நல்ல மனுஷி. உட்காரச் சொன்னார், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். புகாரை முழுக்கக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஹெலன் திரையில் மைக்கோடு நின்றாள். சென்டுக்குப் பத்து லட்சம் வேணும். வேற ஏதாவது சொல்லணுமாம்மா. இல்ல.

"நீங்க பேசினதுதானேம்மா? இதுல வேண்டாம்னு எங்க சொல்லியிருக்கீங்க?"

"அதான் மேடம் வெல சொன்னாங்களே" என்றான் பாக்கியநாதன்.

"ஆமா. விலை கேட்டாங்க. வேண்டாங்கறவங்க எதுக்கு விலை கேக்கப் போறாங்க?"

"எங்கூர்ல வேணான்றவன்தான் மேடம் வெல சொல்வான். வேணும்னா சும்மா பாத்துக்கினு இருப்பான்."

அந்த அம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்டல் செய்கிறானா என்று பார்த்திருக்கலாம். இல்லை என்று தெரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எழுதறதுக்கு அதுல கட்டம் கிடையாது."

ஒரு வழி இருந்தது. மேலே ஒரு கமிட்டி. பதினைந்து நாளுக்குள் அதற்கு எழுதி அனுப்பலாம். ஆளுக்கு ஒரு மனு. பேர், விலாசம், சர்வே நம்பர், அன்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வரி, எதிர்க்கிறேன் என்று ஒரு வரி, கையெழுத்து. நகல் கம்பெனிக்கும் போகும்.

"கம்பெனிக்கும்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றாள் ஹெலன்.

"தெரியும்மா."

வராந்தாவில் வந்து நின்றதும் பாக்கியநாதனுக்கு மூச்சு வந்தது, யோசனையும் வந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்பூடல. எதிர்க்கிறேன்னு மொட்டையா எழுதாத. தண்ணிக்கு உத்தரவாதம் குடுத்தா யோசிக்கிறேன்னு எழுது. உத்தரவாதம் அவனால குடுக்க முடியாது. புரியுதா? அவன் வாயாலயே…"

"பேனா குடு" என்றாள்.

வராந்தா சுவரில் தாளை வைத்து எழுதினாள். எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடித்தது. எங்கள் ஊரில் இந்தக் கிணறு வேண்டாம். என் நிலத்தைத் தர மாட்டேன். எந்த விலைக்கும் தர மாட்டேன். கடைசி வரியை எழுதும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விலையே இல்லை என்று ஒரு பொருளைப் பற்றி எழுதிக் கொடுப்பது அவனுக்குத் துணி இல்லாமல் நிற்பதைப் போலிருந்தது.

மிச்ச நாளெல்லாம் பாக்கியநாதன் நாற்பது தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். தன் வாயால் கெட்ட ஊரைத் தன் வாயாலேயே திருப்பிவிடலாம் என்று நினைத்தான். ஒருவரும் முகத்தைக் கோணவில்லை. மோர் கொடுத்தார்கள். "யோசிச்சி சொல்றேன் ண்ணா" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாதா. குப்புராஜ் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினான்.

"மாப்ள, மேம்பாலத்த பரிந்துரைக்கிறேன்னு போட்டுக்கிறானாமே. நான் எழுதிக் குடுத்தா அதுவும் போயிரும். பையனுக்கு வேற இப்பத்தான் ரெண்டாயிரம் ஏத்திக்கிறாங்கோ."

"மேம்பாலத்த நம்பறியா நீ?"

"நம்பல. இருந்தாலும் எழுதிக்கிறான் இல்ல."

மனு போய்ச் சேர்ந்த மறுவாரம் வியாழக்கிழமை. ஹெலன் இறால் கம்பெனி கேட்டில் கார்டை வைத்தாள். லைட் சிவப்பாக எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். செக்யூரிட்டி ரூமிலிருந்து சுப்பராயன் வெளியே வந்தான். அவளுக்காகவே அவ்வளவு காலையில் வந்திருந்தான்.

"அக்கா, ரெண்டு நாளு ரெஸ்ட் எடுங்கோ. நானே சொல்லி அனுப்பறேன்."

"எவன் இன்னா சொன்னான்?"

"எவனும் ஒண்ணும் சொல்லல. ஆர்டர் கம்மி. டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம்."

"நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதிருக்கலாம். நானும் அந்தத் தண்ணி குடிச்சவன்தான் க்கா." அவன் வருத்தப்பட்டது நிஜம்தான் என்றே அவளுக்குத் தோன்றியது. கார்டுக்காகக் கையை நீட்டினான். கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். கார்டு இல்லாமல் கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது. நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ரோட்டில் கன்டெய்னர் லாரி எண்ணிக்கொண்டு நின்றாள். பதினேழு வரை எண்ணியதும் பஸ் வந்தது.

ஒரு மாதத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. அறுப்பு முடிந்தது. பாக்கியநாதன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரிசியோ காய்கறியோ வாங்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போவான். ஒரு நாள் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். அவள் நிலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து முன்பு நட்டிருந்த கல்லைத் தோண்டி எடுத்தார்கள். தூக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டி நடந்தார்கள். டேப் பிடித்து அளந்து, குப்புராஜ் நிலத்தில் இறக்கினார்கள்.

ஹெலன் வரப்பில் நின்றாள். சர்வேயர் நோட்டை மூடிக்கொண்டே, "உங்க மனுவ ஏத்துக்கிட்டாங்கம்மா. உங்க நம்பர எடுத்தாச்சு. இனிமே உங்களுக்குப் பிரச்சனை இல்ல" என்றார்.

"அங்க போட்டா தண்ணி எங்கேருந்து எடுப்பீங்கோ?"

"கீழேருந்துதான்."

"கீழ வரப்பு இருக்குதா சார்?"

சர்வேயர் சிரித்தார். நல்ல கேள்வி கேட்ட குழந்தையிடம் சிரிப்பது போல. "கீழ ஏதும்மா வரப்பு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றைக்குச் சாயங்காலமே குப்புராஜ் வந்தான். ஆட்டோவைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். அரிசிப் பையோடு வந்த பாக்கியநாதன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனைத் தாண்டிக்கொண்டு குப்புராஜ் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"உன் தலையில இருந்தத எடுத்து என் தலையில வெச்சிட்டே" என்றான். குரலில் கோபத்துக்கு வேண்டிய பலம் இல்லை.

"நான் எடுத்து வெக்கல குப்பு. உனக்கும் ஒரு தாளு வந்துச்சி."

"வந்துச்சி." தலையைத் தேய்த்துக்கொண்டான். "டைம் இருக்குதாம். கல்ல மாத்துனதால திரும்பப் பதினஞ்சி நாளு குடுத்துக்கிறாங்களாம். ஜெரால்டு சொன்னான்."

"எழுதேன்."

"எழுதுனா உனக்கு இன்னா ஆச்சின்னுதான் ஊரே பாத்துச்சே. என் பையனுக்கு ஆனி மாசம் நிச்சயம் வெச்சிக்கிறோம். பொண்ணு ஊட்ல கேட்டதே வேல இருக்குதான்னுதான்." பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். "வேல போவாம எழுத முடியாதா ஹெலனு? வேற மாதிரி எதுனா. கொஞ்சம் கொறச்சி. கெணறும் வேணாம்னு இருக்கணும், பையன் மேல கைய வெக்காத மாதிரியும் இருக்கணும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். குப்புராஜும் பார்த்தான். பாக்கியநாதன் அரிசிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அவன் வாய் ஒரு தடவை திறந்தது. பிறகு, "அப்டி ஒண்ணும் இல்ல மாமா" என்றான்.

"யோசிச்சி சொல்லு."

"யோசிச்சிட்டேன். இல்ல."

ஹெலன் எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து பெஞ்சில் அவன் பக்கத்தில் வைத்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது. மூன்று தட்டு எடுத்தாள். "ரெண்டு பேரும் சாப்ட்டுப் போங்கோ" என்றாள்.

பாக்கியநாதன் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தான். மூவரும் சாப்பிட்டார்கள். கருவாட்டுக் குழம்பில் புளி தூக்கலாக இருந்தது, யாரும் சொல்லவில்லை. சூலூர்ப்பேட்டை வண்டி ஆரம்பாக்கம் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. குப்புராஜ் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டான். தண்ணீரைக் குடித்து முடித்ததும், காற்றில் அந்த வெள்ளைத் தாள் பறக்காமலிருக்க டம்ளரை அதன் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான்.